தூண் யாருக்குச் சொந்தம்?

ஐரோலியின் உட்சாலைகளில் நடப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தகவல் தொழில்நுட்ப வளாகங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்த பின்னும், நான்கு மாடிகளோடு நின்றுவிட்ட பழைய கான்கிரீட் குடியிருப்புகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. மின்தூக்கி கிடையாது. மாடிப்படியில் காற்றுக்காக வைத்த சிமென்ட் ஜாலி. பால்கனிதோறும் அவரவர் விருப்பப்படி பொருத்திக்கொண்ட கம்பிக் கூண்டு. அதற்குள் ஒரு துளசித் தொட்டி, உலரும் பள்ளிச் சீருடை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நெடுங்காலம் வாடகை வீட்டில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்த வீட்டின் சாவியை முதன்முதலாகக் கையில் வாங்கியது இத்தகைய கட்டடங்களில்தான்.

மழைக்காலம் தொடங்கச் சில வாரங்களே இருந்த ஒரு ஞாயிறன்று, நம் வாடிக்கையாளர் தம்பதியர் இருவருடன் அத்தகைய கட்டடம் ஒன்றின் படியேறினோம். செம்பூரில் வாடகைக்கு இருப்பவர்கள். மூன்றாம் மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. புதிய கட்டடங்களில் கேட்கும் விலை அவர்களுக்கு எட்டாது. இந்த வீடு எட்டும். தரையில் புதிய ஓடுகள், சமையலறையில் பளபளக்கும் கருங்கல் மேடை, கூடத்தில் விளக்குகள் பதித்த ஃபால்ஸ் சீலிங். கணவருக்குப் பிடித்துவிட்டது. மனைவி மட்டும் அண்ணாந்து பார்த்து, "இந்தப் பலகைக்கு மேலே என்ன இருக்கிறது?" என்று கேட்டார். விற்பவர் சிரித்துவிட்டு, "கான்கிரீட்தான் அம்மா" என்றார்.

கீழே இறங்கியபோது குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் காத்திருந்தார். ஓய்வு பெற்றவர், கட்டடத்தின் முதல் குடியிருப்பாளர்களுள் ஒருவர். "வீட்டைப் பார்த்துவிட்டீர்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாமா?" என்றார். அன்று அவருடன் கழித்த இரண்டு மணி நேரம்தான் இக்கட்டுரைக்குத் தூண்டுதல். வீட்டுக் கடன் கேட்டு வருவோர் அனைவரும் வட்டி விகிதத்தை நுணுகி விசாரிக்கிறார்கள். தாம் வாங்கவிருக்கும் கட்டடத்தின் விதிகளைப் படித்துவிட்டு வருபவர்களை நாம் அரிதாகவே காண்கிறோம்.

இரண்டு சட்டங்கள், இரண்டு வகைச் சொத்து

மும்பையில் 'சொசைட்டி' என்ற சொல் வீட்டையே குறிக்குமளவு பழகிவிட்டது. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1915-இல் காம்தேவியில் தொடங்கப்பட்ட சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம்தான் இந்நாட்டில் இவ்வகையில் முன்னோடி. ராவ்பகதூர் தல்மாக்கி அதன் பின்னிருந்த பெயர். பின்னர் வந்த 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இன்றும் பெரும்பாலான மும்பைக் குடியிருப்புகளை ஆள்கிறது. இந்த ஏற்பாட்டில் கட்டடமும் நிலமும் சங்கத்தின் பெயரில் இருக்கும். நாம் சங்கத்தின் உறுப்பினர். பங்குச் சான்றிதழும் அதனோடு சேர்ந்த குடியிருக்கும் உரிமையும் நம்முடையவை.

நவி மும்பையின் கதை சற்று வேறு. தீவு நகரின் நெரிசலுக்கு மாற்றாகக் கடற்கழியின் மறுகரையில் ஒரு நகரம் வேண்டும் என்று சார்லஸ் கோரியா, பிரவீணா மேத்தா, ஷிரிஷ் படேல் ஆகியோர் 1960-களின் நடுவில் எழுதினர். அதை நிறைவேற்ற 1970-இல் சிட்கோ நிறுவப்பட்டது. அதே 1970-ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கியதுதான் மகாராஷ்டிர அடுக்கக உரிமைச் சட்டமும். சிட்கோ கட்டி விற்ற அடுக்கு வீடுகள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின்கீழ் 'கண்டோமினிய'ங்களாக அமைந்தன. ஐரோலி, வாஷி, நெருல் பக்கத்துக் கட்டடங்களின் பெயர்ப் பலகையில் 'ஹவுசிங் சொசைட்டி' என்பதற்கு மாறாக 'அபார்ட்மென்ட் ஓனர்ஸ் அசோசியேஷன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், அதன் பொருள் இதுதான்.

வேறுபாடு பலகையில் மட்டும் இல்லை. கண்டோமினியத்தில் வீடு நம் பெயரிலேயே தனிச் சொத்து. அதை விற்கலாம், உயில் எழுதலாம், அடமானம் வைக்கலாம். அதனுடன் பிரிக்க முடியாத ஒட்டாக, பொதுப் பகுதிகளில் ஒரு பங்கும் வருகிறது. அஸ்திவாரம், தூண்கள், உத்தரங்கள், கூரை, மாடிப்படி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, கட்டடம் நிற்கும் நிலத்தின்மீதான உரிமை ஆகிய அனைத்திலும் இத்தனை விழுக்காடு என்று 'பிரகடன ஆவணம்' என்னும் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தில் எழுதியிருக்கும். அந்த விழுக்காட்டை வீட்டிலிருந்து பிரித்து விற்க இயலாது. பராமரிப்புச் செலவையும் அதே விழுக்காட்டின்படி பங்கிட வேண்டும் என்பது சட்டம். பெரிய வீட்டுக்காரர் கூடுதலாகத் தர வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் காவலர் ஊதியம், படிக்கட்டு விளக்கு போன்ற சேவைக் கட்டணங்கள் எல்லா வீட்டுக்கும் சமம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழும் சண்டைகள் ஏராளம். புனேயின் ஒரு கண்டோமினியம் தொடர்பான வழக்கில் 2025-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், பங்கு விழுக்காட்டின்படியே கட்டணம் என்று மீண்டும் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

செயலாளர் எங்களிடம் காட்டிய முதல் தாள் அந்தப் பிரகடன ஆவணத்தின் நகல்தான். பழுப்பேறிய தாள். "இங்கே வீடு வாங்கியவர்களில் இதைக் கேட்டு வாங்கிப் படித்தவர்கள் என்று விரல்விட்டுச் சொல்லலாம்" என்றார்.

கூடத்தின் மூலையில் நிற்கும் தூண்

அந்த மூன்றாம் மாடி வீட்டின் கூடத்து மூலையில் ஒரு தூண் அரையடி துருத்திக்கொண்டிருந்தது. "இதைச் சற்றுச் செதுக்கிவிட்டால் சோபா பொருந்தும்" என்று கணவர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தத் தூண் அவருடையது அன்று, விற்பவருடையதும் அன்று. நான்கு சுவருக்குள் நின்றாலும் அது எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானது. கட்டடத்தின் உறுதிக்குக் கேடு விளைவிக்கும், அல்லது அதன் மதிப்பைக் குறைக்கும் எந்த வேலையையும் ஓர் உரிமையாளர் செய்யக் கூடாது. முக்கியமான கூடுதல் கட்டுமானத்தைச் சேர்க்க வேண்டுமானால் ஏனைய உரிமையாளர்கள் அனைவரின் ஒருமித்த இசைவு தேவை. 1970-ஆம் ஆண்டின் சட்டம் இதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது.

பால்கனியை மூடி அறையாக்குவது மும்பையின் பழைய வழக்கம். ஓரறையில் ஐவர் படுத்துறங்கும் ஊரில் அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆயினும் சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் அந்தத் தளம் மனிதர் நின்று காற்று வாங்கக் கணக்கிடப்பட்டது. அதன்மீது செங்கல் சுவர், அதன்மேல் பழைய தரையை எடுக்காமலே ஒட்டிய இரண்டாம் அடுக்கு ஓடு, மூலையில் நிறைகுடமாக நிற்கும் தண்ணீர்ப் பீப்பாய் என்று ஏற்றிக்கொண்டே போனால், கணக்குப் போட்ட பொறியாளர் நம்மைக் காப்பாற்ற வரமாட்டார். 2022 ஜூன் மாதம் நெருலில் ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடித் தளம் இடிந்து, கீழிருந்த தளங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்தது. ஓர் உயிர் போயிற்று. ஆறாம் மாடி வீட்டில் தரை வேலை நடந்துகொண்டிருந்ததாக அப்போதைய செய்திகள் கூறின.

தரையோடு மாற்றுவதற்கு முன் சங்கத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்ற விதி பலருக்கு எரிச்சலூட்டுகிறது. நமக்கும் ஒரு காலத்தில் ஊட்டியதுண்டு.

கான்கிரீட்டின் முதுமை

இனி மொட்டை மாடிக்குப் போவோம். செயலாளர் அங்கே ஒரு நாணயத்தால் நீர்த்தொட்டியின் அடிப்பகுதியைத் தட்டிக் காட்டினார். ஓரிடத்தில் 'டக்' என்று கெட்டியாக ஒலித்தது. அரையடி தள்ளி, உள்ளீடற்ற பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. அந்த இரண்டாம் ஓசைதான் பழைய கட்டடத்தின் நோய்க்குறி.

கம்பியைக் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. புதிய கான்கிரீட்டின் காரநிலை 12-க்கும் மேல் இருக்கும். அந்நிலையில் இரும்பின்மீது மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கழிமுகக் காற்றின் உப்பு இதை விரைவுபடுத்துகிறது. ஐரோலியின் மேற்கு விளிம்பில் அலையாத்திக் காடும், பூநாரைகள் வந்திறங்கும் சேற்றுப் பரப்பும் இருக்கின்றன. கண்ணுக்கு இனிய காட்சி. கம்பிக்கு அவ்வளவு இனிதன்று. படலம் கரைந்ததும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் உண்ட இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்வதால், மேலிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. முதலில் கம்பியின் போக்கிலேயே ஒரு நேர்விரிசல்; பிறகு பழுப்புக் கறை; பிறகு ஒரு மழைநாளில் படுக்கையின்மேல் விழும் கூரைப் பூச்சு.

எண்பதுகளில் கட்டியவர்கள் அனைவரும் ஏமாற்றினார்கள் என்று எண்ண வேண்டாம். அன்றைய நெறி அவ்வளவுதான் கேட்டது. 1978-ஆம் ஆண்டின் இந்தியத் தர நெறியின்படி கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு எம்15 கலவை போதும். தளத்தின் அடியில் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே 15 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்தால் போதும். அந்த நெறி 2000-இல் திருத்தப்பட்டபோது குறைந்தபட்சக் கலவை எம்20 ஆயிற்று. கடற்கரை போன்ற கடுஞ்சூழலில் எம்30 கலவையும் 45 மில்லிமீட்டர் மூடாக்கும் கேட்கப்பட்டன. நம் தாத்தாவின் குடைக்கும் இன்றைய மழைக்கோட்டுக்கும் உள்ள தொலைவு இது. பழைய கட்டடத்தில் வாழ்பவர்கள், அந்தக் குறைவான மூடாக்கைக் கவனிப்பால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

கவனிப்பு என்பது வண்ணம் பூசுவது அன்று. உதிர்ந்த இடத்தில் சிமென்ட் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டால், உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். பழுது நீக்கும் முறை வேறு: தளர்ந்த கான்கிரீட்டை முழுதும் தட்டி எடுத்து, கம்பியைத் துருநீங்கத் தேய்த்து, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, காப்புப் பூச்சுப் பூசி, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். இவை அனைத்துக்கும் முன் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். மழைக்காலத்தின் நான்கு மாதங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஊர் இது. மொட்டை மாடியின் நீர்க்காப்பு கெட்டால் மேல்மாடியும், குளியலறைக் குழாய் கெட்டால் அதன் கீழ்வீடும் முதலில் நனையும். காலப்போக்கில் எல்லோரும் நனைவார்கள்.

தம்பதியரிடம் விற்பனைக்குக் காட்டப்பட்ட வீட்டின் ஃபால்ஸ் சீலிங் எதை மறைத்தது என்று கேட்பீர்கள். ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டோம். குளியலறையை ஒட்டிய இடத்தில் இரண்டு கம்பிகள் வெளியே தெரிந்தன. அந்த வீட்டை ஒதுக்கிவிட அது மட்டும் காரணமாகாது. விலையைப் பேச அது காரணமாகும்; அதைவிட, மேற்கொண்டு தாள்களைப் பார்க்க அது காரணமாகும்.

தணிக்கை அறிக்கை எங்கே?

முப்பது ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த கட்டடத்தைப் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்து, சான்றை மாநகராட்சியிடம் அளிக்க வேண்டும் என்பது மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டத்தின் 265-ஏ பிரிவு. நவி மும்பை மாநகராட்சிக்கும் இது பொருந்தும். கூட்டுறவுச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள் இன்னும் முன்னரே விழிக்கச் சொல்கின்றன: 15 முதல் 30 ஆண்டு வரையான கட்டடத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை, 30-ஐத் தாண்டியதற்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை தணிக்கை.

நல்ல தணிக்கையில் பொறியாளர் கண்ணால் பார்ப்பதோடு நிற்பதில்லை. சுத்தியல் போன்ற கருவியால் மேற்பரப்பின் கடினத்தை அளக்கிறார். மீயொலி அலையைச் செலுத்தி உள்ளே வெற்றிடம் உண்டா என்று காண்கிறார். மின்னழுத்த அளவால் கம்பியின் துருநிலையை மதிப்பிடுகிறார். தேவைப்பட்டால் உருளை வடிவில் கான்கிரீட்டைக் குடைந்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். முடிவில் கட்டடம் ஒரு வகைக்குள் வைக்கப்படுகிறது. சி1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது. சி2-ஏ என்றால் காலி செய்தோ, ஒரு பகுதியைக் காலி செய்தோ பழுது பார்க்க வேண்டியது. சி2-பி என்றால் குடியிருந்தபடியே கட்டமைப்பைச் சீர்செய்யலாம். சி3 சிறு பழுது. மழைக்காலத்துக்கு முன் மாநகராட்சி வெளியிடும் அபாயக் கட்டடப் பட்டியலில் இந்த எழுத்துகளைக் காணலாம். வீடு வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் வினா 'எந்த வகை, எந்த ஆண்டு அறிக்கை' என்பதுதான். வாஸ்து அதற்குப் பிறகு.

இந்தக் கட்டடம் சி2-பி. அறிக்கை வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பழுது வேலை தொடங்கவில்லை.

ஏன் தொடங்கவில்லை?

பணம் இல்லை. இதைச் சொல்லும்போது செயலாளர் குரலைத் தாழ்த்தினார். அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஏறத்தாழ எல்லாப் பழைய கட்டடங்களின் கதையும் இதுவே.

சிங்கிங் ஃபண்ட் எனப்படும் ஒதுக்கு நிதியைப் பற்றிக் கூட்டுறவு மாதிரித் துணைவிதிகள் சொல்வது இது: ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில், நிலத்தின் விலையை நீக்கி, ஆண்டுக்குக் குறைந்தது 0.25 விழுக்காடு சேர்க்க வேண்டும். பழுது மற்றும் பராமரிப்பு நிதிக்கு 0.75 விழுக்காடு. கண்டோமினியத்தில் பிரகடனத்தோடு இணைந்த அதன் சொந்தத் துணைவிதிகள் இதைத் தீர்மானிக்கும். பலவும் இதே வழியைப் பின்பற்றுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 வீடுகள். அன்று ஒரு வீட்டின் கட்டுமானச் செலவு 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 0.25 விழுக்காடு என்பது ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதத்துக்கு 84 ரூபாய்கூட இல்லை. கட்டடம் முழுதுக்கும் ஆண்டுக்கு 24,000. முப்பது ஆண்டுகள் நடப்புக் கணக்கிலேயே கிடந்தால் 7 லட்சத்து 20 ஆயிரம். ஆண்டுதோறும் 7 விழுக்காடு கூட்டு வட்டி தரும் வைப்பில் இட்டிருந்தால் ஏறத்தாழ 22 லட்சத்து 67 ஆயிரம். வைப்பில் இட்டதால் மட்டும் மூன்று மடங்குக்கு மேல். இருந்தும் இது போதாது. ஏனெனில் விழுக்காடு கணக்கிடப்பட்டது கட்டிய காலத்து விலையில். கொத்தனார் கூலி கேட்பதோ இன்றைய விலையில். விதியிலுள்ள 'குறைந்தது' என்ற சொல்லைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பொதுப்பேரவை அந்த விகிதத்தை உயர்த்தலாம். உயர்த்தும் தீர்மானத்துக்குக் கை தூக்குபவர் குறைவு என்பது வேறு செய்தி.

இது நம் ஊரின் தனிக் குணமன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், சர்ஃப்சைட் என்ற கடற்கரை ஊரில், 1981-இல் கட்டிய 12 மாடிக் கண்டோமினியம் ஒன்று 2021 ஜூன் 24 அன்று பின்னிரவில் இடிந்து 98 பேர் இறந்தனர். 2018-இலேயே பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார்: நீச்சல் குளத் தளத்தின் நீர்க்காப்பு பழுது, கான்கிரீட் சேதம் என்று. அப்போது மதிப்பிட்ட செலவு 90 லட்சம் டாலருக்குச் சற்று மேல். உரிமையாளர்கள் வாதிட்டார்கள், நிர்வாகிகள் விலகினார்கள், ஆண்டுகள் நகர்ந்தன. 2021-இல் சிறப்புப் பங்களிப்பு 1.5 கோடி டாலராக வளர்ந்து நின்றபோது வேலை இன்னும் தொடங்கவில்லை. ஒதுக்கு நிதி வேண்டாம் என்று உரிமையாளர்களே வாக்களித்துத் தள்ளிவைக்க அந்த மாநிலச் சட்டம் அதுவரை இடம் தந்திருந்தது. 2022-இல் கட்டமைப்புக்கான நிதியை அவ்வாறு தள்ளுபடி செய்ய முடியாதபடி சட்டத்தை மாற்றினார்கள்.

ஐரோலிக் கட்டடத்திலும் வாதம் அதேதான், மொழிதான் வேறு. மொட்டை மாடி நீர்க்காப்புக்குத் தரைமாடிக்காரர் ஏன் பணம் தர வேண்டும்? "நான் மொட்டை மாடிக்கு ஏறியதே இல்லை" என்று ஒருவர் சென்ற கூட்டத்தில் கேட்டாராம். சட்டம் இந்த வினாவை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கிறது. பொதுப் பகுதியைப் பயன்படுத்துவதில்லை என்றோ, வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்றோ சொல்லிப் பொதுச் செலவிலிருந்து விலக இயலாது என்று கண்டோமினியச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. கூட்டுறவுத் துணைவிதிகளிலும், மொட்டை மாடி வழியே மழைநீர் கசிந்து மேல்மாடிக் கூரைப் பூச்சு கெட்டால் அதைச் சீர்செய்வது சங்கத்தின் பொறுப்பு, அதாவது அனைவரின் பொறுப்பு. ஒருவர் வீட்டுக் கழிவறையிலிருந்தோ சமையலறைத் தொட்டியிலிருந்தோ கசிவது மட்டும் அந்த வீட்டுக்காரர் கணக்கு.

வாங்குபவரும் வங்கியும்

விற்றுவிட்டுப் போகிறவர் செலவைத் தள்ளிப்போட வாக்களிப்பார். வருகிறவர் தலையில் அது விடியும். இதற்கும் சட்டத்தில் ஒரு காப்பு உண்டு, அறிந்தவர் சிலரே. கண்டோமினியத்தில் வீட்டை வாங்குபவர், விற்பவர் வைத்துச் சென்ற பொதுச் செலவுப் பாக்கிக்கு அவருடன் சேர்ந்து பொறுப்பாளி ஆகிறார். ஆனால் வாங்குமுன் 'பாக்கி எவ்வளவு' என்று சங்கத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. அந்த அறிக்கையில் எழுதிய தொகைக்கு மேல் அவரைக் கேட்க முடியாது. செலுத்தாத பாக்கி வீட்டின்மீதே ஒரு பொறுப்பாக ஏறிக்கொள்ளும். அரசு, மாநகராட்சி வரிகளும் முதல் அடமானமும் மட்டுமே அதற்கு முன்னே நிற்கும். ஒரு தாள்தான். கேட்காமல் விட்டால் பல்லாயிரம்.

வங்கிகளும் கட்டடத்தின் வயதைப் பார்க்கின்றன. மதிப்பீட்டாளர் குறிக்கும் எஞ்சிய ஆயுள் கடனின் தவணைக் காலத்தைவிட நீண்டதாக இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. ஆகவே பழைய கட்டடத்தில் இருபது ஆண்டுத் தவணை எதிர்பார்த்து வருபவருக்குப் பன்னிரண்டோ பத்தோ கிடைக்கலாம். மாதத் தவணை அதற்கேற்ப ஏறும். இதை முன்பணம் கொடுத்த பின் அறிவதைவிட, முன்னர் அறிவது நல்லது. நிலம் சிட்கோவின் குத்தகை நிலம் என்றால் வீட்டு மாற்றத்துக்கும் அடமானத்துக்கும் அதன் தடையின்மைச் சான்று பற்றியும் விசாரிக்க வேண்டும். வீட்டின் தாள்களை மட்டும் கொண்டுவராதீர்கள். பிரகடன ஆவணம், கடைசித் தணிக்கை அறிக்கை, சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு, பாக்கி அறிக்கை ஆகியவற்றையும் கொண்டு வாருங்கள். நம் கிளை அதிகாரியின் வேலை அதனால் எளிதாகும் என்பது உண்மைதான். ஆனால் அதில் ஆதாயம் உங்களுக்கே.

"எப்படியும் இடித்துக் கட்டப்போகிறார்கள், பெரிய வீடு கிடைக்கும்" என்ற நம்பிக்கையில் பழைய வீட்டை வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். பழைய சிட்கோ கட்டடங்களின் மறுகட்டுமானத்துக்கு மாநில அரசு 2015-இல் கூடுதல் தளப்பரப்பை அனுமதித்தது மெய். கூட்டுறவுச் சங்கங்களில் மொத்த உறுப்பினர்களில் 51 விழுக்காட்டினர் இசைந்தால் போதும் என்று 2019-இன் வழிகாட்டு நெறி கூறுகிறது. கண்டோமினியத்தில் முன்பு அனைவரும் இசைய வேண்டியிருந்தது. ஒரே ஒருவர் மறுத்தாலும் எல்லோரும் காத்திருந்தார்கள். திருத்தத்துக்குப் பின் பெரும்பான்மை போதும் என்றாயிற்று. தமிழ்நாட்டிலும் 2022-ஆம் ஆண்டின் புதிய அடுக்கக உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவை வைத்திருக்கிறது. எனினும் இசைவு கிடைப்பதற்கும் புதிய வீட்டின் சாவி கிடைப்பதற்கும் இடையே பல மழைக்காலங்கள் உண்டு. அத்தனை மழைக்கும் பழைய கூரைதான் தாங்க வேண்டும்.

தம்பதியர் அன்று முடிவு எதுவும் செய்யவில்லை. பாக்கி அறிக்கைக்கு எழுதிக் கொடுத்தார்கள். தணிக்கை அறிக்கையின் நகலைக் கணவர் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தார். பழுது வேலைக்கான சிறப்புப் பங்களிப்பை முடிவு செய்ய அடுத்த ஞாயிறு காலை பத்தரைக்கு வண்டி நிறுத்துமிடத்தில் பொதுப்பேரவை கூடுகிறது என்று செயலாளர் சொன்னார். சென்ற முறை போதிய எண்ணிக்கை சேராமல் கலைந்ததாம்.

"நாங்கள் வந்து உட்காரலாமா சார்?" என்று மனைவி கேட்டார்.

"வாக்கு கிடையாது அம்மா. நாற்காலி உண்டு" என்றார் அவர்.